மோர்க்குழம்பு கெட்ட நாள்

எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படித்தேன். சிறப்புப் பாடமாகத் தட்டச்சு கேட்டிருந்தேன். இடமில்லை என்று மனையியலில் போட்டுவிட்டார்கள். "அடுப்பூதவா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறேன்?" என்று மரவேலை செய்யும் என் அப்பா நொந்துகொண்டார். எனக்கோ அந்தப் பாடம் பிடித்துப்போனது. இலையின் நுனி எந்தப் பக்கம் இருக்க வேண்டும், எதை முதலில் வைக்க வேண்டும், விருந்தாளி கேட்குமுன் தண்ணீர் ஊற்றினோமா என்பதற்கெல்லாம் மதிப்பெண் உண்டு.

அரைப்பரீட்சைக்கு முன்னால் விருந்துச் செய்முறை வந்தது. பன்னிரண்டு ஆசிரியைகளுக்கு நாங்களே சமைத்துப் பரிமாற வேண்டும். பாத்திரங்கள் என் பொறுப்பு. மோர்க்குழம்பு, புதுவயலிலிருந்து பஸ்ஸில் வரும் என் தோழியின் பொறுப்பு. அவளுடைய அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர். வகுப்பிலேயே கைப்பக்குவம் உள்ளவள் அவள்தான்.

காலையில் பித்தளைத் தவலையைத் துலக்கும்போதே பார்த்துவிட்டேன். உள்ளே ஈயப்பூச்சு போய், உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாகத் தெரிந்தது. அதில் புளிப்பு பட்டால் களிம்பேறி விஷமாகும் என்று மனையியல் டீச்சர் பாடமே நடத்தியிருந்தார். வேறு பாத்திரம் எடுக்க அவரிடம்தான் ஸ்டோர் ரூம் சாவி கேட்க வேண்டும். முதல்நாள்தான் ஒரு கண்ணாடித் தம்ளரை உடைத்து, எல்லார் முன்னாலும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். பேசாமல் தவலையைத் தோழியிடம் நீட்டினேன்.

மத்தியானம்வரை குழம்பு அதிலேயே இருந்தது. பந்தி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் ஐந்து ஆசிரியைகள் வாந்தியெடுத்தார்கள். மாலைக்குள் எல்லாரும் தேறிவிட்டார்கள். ஆனால் விசாரணை வந்தது.

"மோர்க்குழம்பு வச்சது யாரு?" என்று டீச்சர் கேட்டார்.

தோழி எழுந்து நின்றாள். "நல்ல தயிர்தான் டீச்சர். நான் பார்த்துத்தான்..."

"பேசாதே. கெட்டுப்போன தயிரை ஊத்திட்டு எதிர்த்து வேற பேசுறியா?"

நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு டீச்சரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திருத்திக்கொண்டிருந்த நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட ரிப்போர்ட் எழுதிக் குடுத்தாச்சு. இனிமே இதைக் கிளறாதே." பாத்திரங்களைச் சரிபார்ப்பது அவருடைய வேலையும்தான் என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

சனிக்கிழமை புதுவயலுக்குப் பஸ் ஏறினேன். ஆலைக் களத்தில், வெயிலில், அவள் அவித்த நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் வேலையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டாள்.

"எங்கப்பாகிட்டச் சொல்லு. அங்குட்டு நிக்கிறாக."

அவரிடமும் சொன்னேன். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அம்புட்டுப் பேரும் எம்மகளைப் பேசுனாகளே, அப்ப ஏன்த்தா நீ சொல்லலை?"

"பயமா இருந்துச்சுய்யா."

"அவளுக்கும் பயமாத்தானத்தா இருந்திருக்கும்."

திங்கட்கிழமை அவரே அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவந்தார். தலைமையாசிரியையிடம் என்ன பேசினாரோ, மறுபடி வகுப்பில் உட்கார விட்டார்கள். ஆனால் டீச்சர் அவளை அடுப்புப் பக்கம் அனுப்பவில்லை. காய் நறுக்கச் சொன்னார், நறுக்கினாள்.

அவள் என்னோடு சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அப்போது பள்ளியின் கடைசி வகுப்பான பதினோராம் வகுப்பு முடியும்வரை, நான் கேட்டதற்குப் பதில் சொன்னாள். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.