வாழைத்தார் தொங்கிய வளையம்

என் அண்ணன் வீட்டுக் கூடத்தில், சமையலறை வாசலுக்கு நேர் எதிரே, கூரையில் ஓர் இரும்பு வளையம் இருக்கிறது. விரல் பருமன் கம்பியை வளைத்து, காங்கிரீட் போட்ட அன்றைக்கே உள்ளே வைத்துப் பூசியது. போன வாரம் வரைக்கும் அதில் ஒரு பூவன் தார் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்குள் நுழைகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். அடிச்சீப்பு மஞ்சளாகியிருந்தால் உரிமையோடு ஒன்றைப் பிய்த்துத் தின்பார்கள். அந்த வளையத்தைத் தார் தொங்கவிடுவதற்கென்று யாரும் வைக்கவில்லை என்பது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் தெரியும்.

எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்போம். அண்ணன் அந்த வீட்டைக் கட்டியபோது நங்கைக்குக் கல்யாணமாகி அதிக காலம் ஆகியிருக்கவில்லை. கூரைக்குக் கம்பி கட்டும்போது கொத்தனார், “தொட்டில் வளையம் எங்கீங்க வெக்கட்டும்?” என்று கேட்டார். நங்கைக்குக் கூச்சம் தாங்கவில்லை. அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அவளே அடுப்பு வரப்போகிற இடத்தில் போய் நின்று, வாசல் வழியாகக் கையை நீட்டிக் காட்டினாள். “இங்கிருந்து கை எட்டோணும். கொழம்பக் கிண்டிக்கிட்டே ஆட்டோணும்” என்றாள். கொத்தனார் சிரித்துக்கொண்டே அளவு பார்த்து வைத்தார்.

வருஷங்கள் போயின. வளையம் சும்மாவே இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து அதைப் பார்ப்பார்கள், பிறகு நங்கையின் வயிற்றைப் பார்ப்பார்கள். அவள் எல்லாக் கோயிலுக்கும் போனாள். குலதெய்வக் கோயில் வேம்பில் சின்ன மரத்தொட்டில் வாங்கிக் கட்டினாள். ஒரு நாள் நான் தோட்டத்திலிருந்து தார் வெட்டிக்கொண்டு வந்தபோது, “தம்பி, அத இப்பிடிக் கொண்டாங்க” என்று வாங்கி, கயிறு போட்டு அந்த வளையத்தில் மாட்டினாள். எனக்கு மனசு ஒரு மாதிரியாகிவிட்டது. அவள்தான் சிரித்தாள். “இனி ஆரு அண்ணாந்து பாத்தாலும் பழம் பழுத்திருச்சான்னுதான் பாப்பாங்க” என்றாள். அதற்குப் பிறகு அந்த வளையம் சும்மா இருந்ததே இல்லை. ஒரு தார் தீர்ந்தால் அடுத்தது ஏறிவிடும்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். மோகனூர்ப் பக்கம் கரும்பு ஏற்றுகிற டிராக்டர் ஓட்டினேன். அண்ணன் புதுக் காங்கிரீட் வீட்டுக்குப் போன பிறகு, பக்கத்திலேயே இருந்த பழைய ஓட்டு வீட்டில் அம்மாவும் நானும் இருந்தோம். இரண்டு வீட்டுக்கும் முன்னால் ஒரே வாசல், ஒரே மாட்டுக்கொட்டகை. எனக்குக் கல்யாணமாகி என் மனைவி வந்தாள். அவளுக்குத் தாய் இல்லை. அதனால் தலைப்பிரசவத்துக்குக்கூடத் தாய்வீடு போகவில்லை. மசக்கையில் சோறு கண்டாலே அவள் ஓடியபோது புளித்தண்ணீர் கரைத்துக் கொடுத்தது, கால் வீங்கியபோது பிடித்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குத் துணையாக வந்து உட்கார்ந்தது எல்லாம் நங்கைதான். தன் வயிற்றில் இல்லாததை இன்னொருத்தி வயிற்றில் பார்த்துப் பார்த்து வளர்க்கிறோமே என்ற வருத்தத்தை ஒரு நாளும் அவள் முகத்தில் நான் பார்த்ததில்லை. உள்ளே இருந்திருக்கும். அதைத் தெய்வம்தான் அறியும்.

எங்களுக்கு இரட்டைப் பெண்பிள்ளைகள் பிறந்தன. பெரியது கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது, சின்னது பூனைக்குட்டி கணக்காக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும், எங்கே தூங்க வைப்பது என்ற பேச்சு வந்தது. ஓட்டு வீட்டில் எலி ஓடும், ஓட்டிடுக்கிலிருந்து தூசு கொட்டும், ஐப்பசி மழைக்கு நாலு இடத்தில் ஒழுகும். விட்டத்தில் ஒரு பக்கம் கரையான் வேறு. ரெண்டு தொட்டிலைத் தாங்குமா என்று அம்மா கேட்டாள். அது நியாயமான கேள்விதான். ஆனால் அம்மா அதோடு நிறுத்தவில்லை.

“சாமி ஊட்டுக்கு ஒண்ணுன்னுதாண்டா குடுத்திருக்குது. எந்தக் கதவுன்னு தெரியாம ரெண்டையும் ஒரே ஊட்ல எறக்கிட்டுப் போயிருச்சு” என்றாள். “சின்னது அங்க உங்கண்ணன் ஊட்ல தூங்கட்டும். தூங்க மட்டுந்தான் சொல்றேன். பசிச்சா தூக்கிக்கிட்டு வரப் போறம்.”

தூங்க மட்டும் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளை எந்த வீட்டில் கண் விழிக்கிறதோ அந்த வீட்டுப் பிள்ளை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். எனக்கு அம்மாவின் பேச்சைத் தள்ளவும் முடியவில்லை. வேம்பில் தொட்டில் கட்டியவள் நங்கை. நாங்கள் ஒரு வேண்டுதலும் வைக்காதவர்கள். ஒருவேளை அம்மா சொன்ன மாதிரி சாமி கதவு மாறித்தான் வந்துவிட்டதோ என்று நானே விளக்கேற்றி வைத்துவிட்டு முருகன் படத்துக்கு முன்னால் நின்று யோசித்திருக்கிறேன். என் மனைவி சண்டை போடவில்லை. அவள் தின்ற சோறெல்லாம் நங்கை போட்டது, எப்படி இல்லை என்பாள்? ஒரு நாள் மட்டும், இரண்டு பக்கமும் பிள்ளைகளைப் போட்டுக்கொண்டு, இரண்டின் மேலும் கையை வைத்தபடி என்னைக் கேட்டாள். “எதுன்னு கேட்டா, நீங்க இதுதான்னு கையக் காட்டிருவீங்களா?” நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். நங்கையும் இந்தப் பேச்சு எடுத்தாலே மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போய்விடுவாள். வேண்டும் என்கிறாளா, வேண்டாம் என்கிறாளா, யாருக்கும் தெரியவில்லை.

தொட்டில் போடுகிற நாள் வந்தது. எங்கள் வழக்கப்படி தொட்டிலைத் தாய்மாமன்தான் கொண்டுவர வேண்டும். புதுச் சேலை, தொட்டிலை விரித்துப் பிடிக்கிற கட்டை, தேங்காய், பழம், பிள்ளைக்குக் கொலுசு. என் மச்சான் பரமத்திப் பக்கத்திலிருந்து வந்தான். தட்டில் ஒரே ஒரு சேலை, ஒரே ஒரு கட்டை.

“ஏன்டா மச்சான், ரெண்டாச்சே?” என்றேன்.

அவன் முழித்தான். “இன்னொண்ணு பெரியவரு ஊட்டுக்குன்னு சொன்னாங்களே மாப்ளே. அப்பிடின்னா அந்தத் தொட்டிலு அந்த ஊட்டு அக்காவோட அண்ணனுதுல்ல? நாங் கொண்டாந்தா மொறை தப்பிப் போயிருமே?”

அவன் சொல்லி வாயை மூடவில்லை, அண்ணன் வீட்டுக்கு முன்னால் ஒரு வேன் வந்து நின்றது. நாமகிரிப்பேட்டையிலிருந்து நங்கையின் அண்ணன், அவர் மனைவி, இன்னும் நாலைந்து உறவுக்காரர்கள். தட்டுத் தட்டாக இறங்கின. பட்டுக்கரை போட்ட சேலை, மஞ்சள் பூசிய கட்டை, பூ, ஒரு முழு வாழைத்தார். தங்கச்சி வீட்டுக்குத் தொட்டில் சீர் கொண்டுவர அந்த மனுஷன் எத்தனை வருஷம் காத்திருந்தாரோ. வேட்டி மடிப்புக்கூடக் கலையவில்லை. நங்கை அப்போதுதான் கொட்டகையிலிருந்து கையில் சாணியோடு வந்தாள். தட்டுகளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

“அண்ணா, உங்களுக்கு ஆருண்ணா சொன்னது?”

“உன்ர மாமியார்தான் ஆள் உட்டாங்க. ஏன், நாள் தப்பா?”

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா வாசலில் மேய்ந்த கோழியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டு என் மனைவி வாசற்படிக்கு வந்துவிட்டாள். இரண்டு பிள்ளைகளும் அவள் தோளில் ஒன்று, கையில் ஒன்று என்று இருந்தன. யாராவது ஒன்றைக் கேட்டால் எந்தக் கையைத் தளர்த்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. நங்கை தொட்டியில் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். வாசலைத் தாண்டி வந்து அம்மாவுக்கு முன்னால் நின்றாள்.

“அத்தை, சாமி கதவு தெரியாம எறக்கிட்டுப் போயிருச்சுன்னு சொன்னீங்களாமா?”

“ஆமாங் கண்ணு, உனக்காவத்தான்...”

“சாமிக்கு எல்லா ஊட்டுக் கதவும் தெரியுமுங்க அத்தை. தெரிஞ்சுதான் எறக்கியிருக்குது.” பிறகு திரும்பித் தன் வீட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். “ஏனுங்க, அந்தத் தாரை எறக்குங்க.”

என் அண்ணன் அதிகம் பேசாதவர். நாற்காலி போட்டு ஏறித் தாரை இறக்கினார். வளையம் வெறுமையாகத் தொங்கியதை வாசலிலிருந்தே பார்க்க முடிந்தது. என் மனைவி இரண்டு பிள்ளைகளையும் இறுக்கிக்கொண்டாள். நான் முருகா என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“அம்மிணி” என்று நங்கை அவளைக் கூப்பிட்டாள். “ரெண்டையும் தூக்கிக்கிட்டு நீயும் வா. உன்ர பாயி, தலகாணி, மருந்து, எல்லாத்தையும் எடுத்துக்க. ஒண்ணு தனியா அந்த ஊட்டுப் படி ஏறப்படாது. வந்தா மூணு பேரும் வரோணும்.”

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. அம்மாதான் முதலில் கேட்டாள். “அப்ப ஆம்பளைங்க?”

“ஆம்பளைங்க ரெண்டு பேரும் ஓட்டு ஊட்ல படுக்கட்டும். ஒழுகுனா எந்திரிச்சு ஒக்காந்துக்கட்டும். என்ன கரும்புச் சக்கரையா, கரஞ்சு போயிருவாங்களா?”

மச்சான்தான் முதலில் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை, அழுதாள். நங்கையின் அண்ணன் மட்டும் தட்டைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். கொண்டுவந்த சீர் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியவில்லை. தங்கச்சி பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். “அப்ப ஒண்ணை உனக்குக் குடுக்கலையா, கண்ணு?”

அவள் சொன்ன பதிலை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. “ஒண்ணைக் குடுத்தா ஒண்ணுதானுங்ணா எனக்கு. குடுக்காட்டி ரெண்டும் என்னுது.” சொல்லிவிட்டு அவர் தட்டிலிருந்த சேலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “குடுங்க, கட்டலாம். நல்ல நேரம் போகுது.”

இருந்தது ஒரே வளையம். கூரையை ஓட்டை போட்டு இன்னொன்று வைக்கலாம் என்று அண்ணன் சொன்னதற்கு நங்கை ஒப்பவில்லை. ஒரு நாள் பெரியது தொட்டிலில், சின்னது என் மனைவி பக்கத்தில் பாயில். மறுநாள் சின்னது தொட்டிலில். தொட்டில் சேலையும் அப்படித்தான், ஒரு நாள் மச்சான் கொண்டுவந்தது, ஒரு நாள் நாமகிரிப்பேட்டைச் சேலை. காலையில் எழுந்ததும், “இன்னைக்கு ஆரு மொறை?” என்பாள். தொட்டில் பிள்ளை, பாய்ப் பிள்ளை என்று ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு குறியாக இருந்தாள். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் தொட்டில் கயிறு என்று அவள் நின்றதை வாசலிலிருந்து பார்த்திருக்கிறேன். கொத்தனாரிடம் காட்டிய அதே தூரம். அவள் கை சரியாக எட்டியது.

அவளைத் தெய்வமாக்கி எழுத எனக்கு விருப்பமில்லை. அவளுக்கும் கோபம் உண்டு. அடுத்த வருஷம் நாங்கள் ஓட்டைப் பிரித்து, விட்டம் மாற்றி, பிள்ளைகளோடு திரும்பிப் போனபோது அவள் எங்களோடு பேசவில்லை. அன்றைக்கே தாரை எடுத்து வளையத்தில் மாட்டிவிட்டாள். என் மனைவி போய்க் கூப்பிட்டாலும், “வேலை கெடக்குது” என்றாள். கடைசியில் பிள்ளைகள் இரண்டும் தவழ்ந்து வாசலைத் தாண்டி அவள் படியில் ஏறப் பார்த்து, சின்னது உருண்டு விழுந்து வீறிட்டதும், “பிள்ளைய இப்பிடித்தான் பாத்துக்கறதா?” என்று எங்கள் இருவரையும் பிடித்துத் திட்டினாள். அந்தத் திட்டில்தான் பேச்சு திரும்ப ஆரம்பித்தது. அதற்கப்புறம் அந்தப் பிள்ளைகள் எந்த வீட்டில் சாப்பிட்டன, எந்த வீட்டில் தூங்கின என்று யாரும் கேட்டதில்லை. அம்மா என்று ஒரு வீட்டைப் பார்த்தும், பெரியம்மா என்று ஒரு வீட்டைப் பார்த்தும் கத்தும். இரண்டு வீட்டிலிருந்தும் பதில் வரும்.

நங்கை போய்ச் சேர்ந்து கொஞ்ச காலம் ஆகிறது. கடைசியாகப் படுத்திருந்தபோது எங்கள் பெண்கள் இருவரும் வந்து மாறி மாறி உட்கார்ந்தார்கள். இன்னைக்கு ஆரு மொறை என்று அவளே கண்ணைத் திறக்காமல் கேட்டுச் சிரித்தாள். அவள் போன பிறகும் அண்ணன் அந்த வளையத்தைச் சும்மா விடவில்லை. ஒன்று தீர்ந்தால் தோட்டத்துக்குப் போய் அடுத்த தாரை வெட்டி வந்துவிடுவார். ஒற்றை ஆளுக்கு எதற்கு இத்தனை பழம் என்று கேட்டதற்கு, வர்றவங்க சாப்பிடுவாங்க என்றார்.

போன வாரம் எங்கள் சின்னவள் பிரசவமாகி வீட்டுக்கு வந்தாள். ஒரு பெண்குழந்தை. எங்கள் வீடும் இப்போது ஓட்டு வீடு இல்லை. அவளுக்கென்று ஓர் அறையைச் சுத்தம் செய்து, ஏசி போட்டு, ஸ்பிரிங் தொட்டில்கூட வாங்கி வைத்திருந்தேன். அயோத்தியாப்பட்டணத்தில் வாழ்க்கைப்பட்ட பெரியவளும் துணைக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளை ஓட்டி வந்த கார் வாசலில் நின்றது. ஆரத்தி எடுத்து முடித்ததும் சின்னவள் எங்கள் படியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குழந்தையோடு நேரே பெரியப்பா வீட்டுக்குள் போய்விட்டாள். பெரியவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். என் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவளும் போனாள்.

நான் எட்டிப் பார்த்தேன். தார் ஏற்கெனவே இறங்கிச் சுவரோரம் சாய்ந்திருந்தது. துரு போகத் தேய்த்துத் தேங்காய் எண்ணெய் தடவிய வளையம் கறுப்பாக மின்னியது. அதில் தொட்டிலும் கட்டி முடித்திருந்தது. நங்கை உடுத்தி நைந்த பச்சைச் சேலை. நடுவில் நாமகிரிப்பேட்டைக் கட்டை, மஞ்சள் போய் மரம் தெரிந்தது. யாரும் அண்ணனிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை.

சற்று நேரத்தில் அண்ணன் பாயையும் தலையணையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஏசி அறையில் ஒரு மூலையைப் பார்த்துப் பாயை விரித்தார். “மாப்பிள்ளையையும் இங்கயே படுக்கச் சொல்லு. அங்க எடம் இல்ல” என்றார். குழந்தை தூங்கிவிட்டதா என்று கேட்டேன்.

“எங்க தூங்குது? தொட்டில்ல போட்டா அண்ணாந்து அந்த வளையத்தையே பாத்துக்கிட்டுக் கெடக்குது” என்றார். தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டுச் சொன்னார். “பழம் பழுத்திருச்சான்னு பாக்குதாட்டம் இருக்குது.”