பதினேழு சென்டிமீட்டர் மதர்போர்டு

போன சனிக்கிழமை மத்தியானம் டெக்ஸாஸின் பிளானோவில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். கண்ணாடிக் கவுண்டரின் மேல் மூன்று மதர்போர்டுகள். பெரிசு, நடுத்தரம், சின்னது. எனக்குப் பார்த்த மாத்திரத்தில் சின்னதைப் பிடித்துவிட்டது. ஆனால் பெண் பார்க்கப் போன இடத்தில் யார் நம் விருப்பத்தைக் கேட்கிறார்கள்?

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

இத்தனை நாளாக நீங்கள் இந்தப் பக்கத்தில் படித்ததெல்லாம் என் வீட்டுக்காரரின் ஆபீஸ் லேப்டாப்பில் அடித்தவை. அவர் வேலையை முடித்து மூடி வைத்ததும், சூடு ஆறுவதற்குள் நான் திறப்பேன். பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது ஆபீஸ் மெயில் ஒன்று வந்து விழும். "ஒரு நிமிஷம் குடும்மா" என்பார். அந்த ஒரு நிமிஷம் ஒரு மணி நேரமாகும்... என் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும்.

வேலை பார்க்க அனுமதியில்லாத விசாவில் நான் இங்கே இருப்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். இர்விங் அபார்ட்மென்ட்டின் லீஸ் அவர் பெயரில். கரன்ட் கனெக்‌ஷன் அவர் பெயரில். கார் அவர் பெயரில். என் பெயரில் நடக்கிற ஒரே காரியம் வாரா வாரம் இந்த ஒரு பக்கப் பத்திதான். அதையும் இரவல் பெட்டியில் எழுதுவது எனக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்பு, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்:

"உனக்குன்னு ஒரு சின்ன டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணித் தரேன்."

"கடையில ரெடியா ஒண்ணு வாங்கிடலாமேங்க?"

"ரெடியா வாங்கறதுக்கா நான் இன்ஜினியரிங் படிச்சேன்?"

அவர் படித்தது சிவில். ஆனால் நம் ஊர் இன்ஜினியரிடம் இதையெல்லாம் பேசக் கூடாது. நானும் பேசவில்லை. எனக்குத்தான் கனவு ஆரம்பித்துவிட்டதே!

சமையலறையில், மைக்ரோவேவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு சின்ன இடம் சும்மா கிடக்கிறது. ஜன்னலுக்கு வெளியே பார்க்கிங் லாட். அதன் ஓரத்தில் பெயர் தெரியாத ஒரு மரம். காலை பத்து மணிக்கு அந்த மரத்தின் நிழல் உள்ளே வந்து மேடைமேல் மெதுவாக நகரும். அங்கே ஒரு கம்ப்யூட்டர். சத்தமே போடாத கம்ப்யூட்டர். பக்கத்தில் காபி. பருப்பு வேகும் வரை நான் எழுதுவேன். விசில் வந்தால் எழுந்து அடுப்பை அணைத்துவிட்டு வந்து அதே வாக்கியத்தில் உட்காருவேன். யாரும் ஒரு நிமிஷம் கேட்க மாட்டார்கள்...

ஆசை பாருங்கள், எவ்வளவு சின்னது!

அந்த இடத்துக்கு என்ன பொருந்தும் என்று இன்டர்நெட்டில் தேடினேன். பதினேழு சென்டிமீட்டர் நீளம், பதினேழு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு மதர்போர்டு வருகிறதாம். ஒரு சப்பாத்தி அகலம்! ஒரு பழைய பேப்பரை அந்த அளவுக்கு வெட்டி மேடைமேல் வைத்தேன். ஒரு வாரம் அதைச் சுற்றித்தான் சமையல். காற்றில் பறந்தால் எடுத்து வந்து மறுபடி வைப்பேன். ஒரு நாள் அதன் முன்னால் நின்று வெறும் விரல்களால் மேடையில் டைப் அடித்துக்கூடப் பார்த்தேன். சிரிக்காதீர்கள். அன்றைக்கு நன்றாகவே எழுதினேன்.

சரி, கடைக்கு வருவோம்.

கடைக்காரர் ஜலீல் பாய்க்குக் கீழக்கரை. என் வீட்டுக்காரரைத் தம்பி என்பார், என்னைத் தங்கச்சி என்பார். பெரிய போர்டை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார்.

"தம்பி, இதுல ரேமுக்கு நாலு ஸ்லாட் இருக்கு. கிராஃபிக்ஸ் கார்டு போடலாம். பின்னாடி எவ்ளோ வேணாலும் அப்கிரேட் பண்ணிக்கலாம். இந்தக் குட்டில ஒரே ஒரு ஸ்லாட்டு. ப்ராசஸரையும் போர்டோட சேத்தே வச்சுட்டான். மாத்தவே முடியாது."

என் கனவு முடிந்தது என்றே நினைத்தேன். ஏனென்றால் பள்ளிக்கூட யூனிஃபார்மை ஒரு சைஸ் பெரிசாகத் தைத்து, கீழே மடித்து அடித்துப் போட்டுக்கொண்டு வளர்ந்த கூட்டம் நாம். எதை வாங்கினாலும் 'பின்னாடி உதவும்' என்று கொஞ்சம் பெரிசாகத்தான் வாங்குவோம். இவரோ, இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு எட்டு பேர் சாப்பிடுகிற டைனிங் டேபிள் வாங்கிப் போட்டவர்.

ஆனால் அவர் சின்ன போர்டைத் தொட்டார். "இதே போதும் பாய்."

என்னால் நம்ப முடியவில்லை. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் ஒரு பொருளை நாங்கள் இரண்டு பேரும் சண்டையில்லாமல் தேர்ந்தெடுத்தது இதுதான் முதல் தடவை. என் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று இவருக்குத் தெரிந்திருக்கிறதே! கவுண்டரில் நின்றபடியே நான் சமையலறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். மர நிழல் மேடைமேல் நகர ஆரம்பித்துவிட்டது.

அப்போது அவர் போர்டுக்குக் கரன்ட் கொடுக்கும் அடாப்டரை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"பாய், இது டூ ட்வென்ட்டிலயும் வேலை செய்யுமா?"

நிழல் அப்படியே நின்றுவிட்டது.

இந்தக் கேள்வியின் அர்த்தம் இங்கே இருக்கிற நம்மவர்கள் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் வீட்டுக் கரன்ட் நூற்றுப்பத்து வோல்ட். இருநூற்று இருபது இந்தியாவில். மிக்ஸியாகட்டும் ரைஸ் குக்கராகட்டும், இதைக் கேட்டு வாங்குகிறவர் மனசுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார் என்று பொருள்.

ஜலீல் பாய் ஒரு நொடி அவரைப் பார்த்தார். எத்தனை பேரிடம் கேட்ட கேள்வியோ! "செய்யும் தம்பி. ரெண்டுலயும் செய்யும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியில் போட்டு ஒட்டினார்.

வீட்டுக்குத் திரும்பும் கார் டோல்வேயில் ஏறும் வரை பொறுத்தேன்.

"டூ ட்வென்ட்டி எதுக்குங்க?"

ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார். ஆபீஸில் ஆள் எடுக்கிறார்களாம். சேர்க்கிற எடுப்பு இல்லை, தூக்குகிற எடுப்பு. பக்கத்து க்யூபிக்கிள் காலி. எதிர் க்யூபிக்கிளும் காலி. தன் முறை எப்போது என்று தெரியாதாம். வேலை போனால் விசாவும் போகும், மூட்டை கட்ட வேண்டியதுதான். சின்ன போர்டாக இருந்தால் கம்ப்யூட்டரை முழுசாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு பிளேன் ஏறிவிடலாம், மானிட்டரை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம்.

ஆக, ஒரே போர்டைத்தான் இரண்டு பேரும் தேர்ந்தெடுத்திருக்கிறோம். நான் இங்கேயே உட்கார. அவர் கிளம்ப.

எனக்குக் கோபம் வந்தது. பயமும் வந்தது. எது முன்னால் வந்தது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

"மூணு வாரமா மனசுல வெச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க. வேலையே போகுமோன்னு இருக்கப்ப யாராவது கம்ப்யூட்டர் வாங்குவாங்களா?"

"தூக்கினா லேப்டாப்பை அன்னைக்கே வாங்கிப்பாங்கம்மா. எனக்கு இன்னொரு வேலை கெடச்சுரும். நீ எதுல எழுதுவ?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். டெக்ஸாஸ் வானம் ரொம்பப் பெரிசு. பார்த்துக்கொண்டே இருந்தால் எங்கே போகிறோம் என்பதே மறந்துவிடும். கண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. சம்பளம் போகலாம், விசா போகலாம், இந்த ஊரே போகலாம் என்று கணக்குப் போட்ட மனுஷன், போகவே கூடாதது என்று எடுத்து வைத்தது எதை, பார்த்தீர்களா?

எங்கள் எக்ஸிட் வந்தது. மடியில் பெட்டி கனமே இல்லாமல் இருந்தது.

"இருந்தாலும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"சொல்லியிருப்பேன். நீ அதையும் உன் பத்தியில எழுதிடுவியே!"

எழுதிவிட்டேன்... புதுக் கம்ப்யூட்டரில்.