எஸ்தருக்காக நான் கேட்ட ஜெபம்

சபையாரே, எங்களுக்குப் பிள்ளையில்லாதிருந்த ஆண்டுகளில், உங்களில் மூத்தவர்களும் உங்கள் பெற்றோரும் என் மனைவி எஸ்தருக்காக முழங்காலிட்டீர்கள். அந்த ஜெபத்தை நான் உங்களிடம் தவறாகக் கேட்டேன். அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

எங்கள் திருமணம் 1956-இல் நடந்தது. இன்டர்மீடியட் முடித்துவிட்டுத் திண்டுக்கல்லில் சிறிய அச்சகம் வைத்திருந்தேன். ஐந்து ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. நானும் அழுதேன். ஆனால் பழி முழுவதையும் சுமந்தவள் அவள்.

மருத்துவமனைக்கு அவளை மட்டுமே அனுப்பினேன். போய் வந்தவள் சோறு பரிமாறிக்கொண்டே சொன்னாள்.

"எனக்குக் குறை ஒண்ணுமில்லையாம். ஒங்களையும் ஒருக்கா வரச் சொன்னாங்க."

"நான் எதுக்கு? எனக்கென்ன நோவு?"

"அதைத்தான் பாத்துச் சொல்றேங்குது டாக்டரம்மா."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன்.

அதன் பிறகும் சபையில் எழுந்து நின்று, "என் மனைவியின் கர்ப்பத்தைக் கர்த்தர் திறக்கும்படி ஜெபியுங்கள்" என்று கேட்டேன். எஸ்தர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெண்கள் பக்கத்தில் முழங்காலிடுவாள். குறை அவளிடம் இல்லை என்று தெரிந்தே வாரந்தோறும் இதைச் செய்தேன்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து நடந்து வரும்போது, "எம்பேரைச் சொல்லியே ஜெபம் பண்ணச் சொல்றீங்களே, கர்த்தருக்கு ஆளு மாறிப் போயிறாதா?" என்றாள். கோபமில்லை. லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

மறுநாள் அச்சகக் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலிட்டேன். "ஆண்டவரே, குறை என்னிடம் இருந்தால் காட்டும்." 

அந்த வாரமே மதுரைக்குப் போனேன். பரிசோதனையில் என் விந்தில் உயிரணுக்கள் மிகக் குறைவு என்று தெரிந்தது. தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தேன். டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். ஈறுகளின் ஓரத்தில் நீலக் கோடு ஓடியிருந்தது.

"என்ன தொழில்?"

"அச்சகம் சார்."

"ஈய எழுத்தை வாயில வைப்பீங்களா?"

வைப்பேன். பிழை திருத்தும்போது கை இரண்டும் வேலையில் இருக்கும். கோத்த வரியிலிருந்து பிடுங்கிய ஈய எழுத்துகளை உதட்டில் கவ்விக்கொள்வது எங்களுக்கு வழக்கம். தேய்ந்த எழுத்துகளைக் காற்றில்லாத பின்னறையில் உருக்குவேன். கருத்த விரல்களோடு அங்கேயே சாப்பிடுவேன். அடிக்கடி வந்த வயிற்று வலியைப் பித்தம் என்று நினைத்திருந்தேன்.

"ரத்தத்துல ஈயம் ஏறியிருக்கு. அது ஆம்பளையோட விந்தையும் கெடுக்கும். வெலகி இருந்தா சரியாகலாம். உறுதி சொல்ல முடியாது."

வீடு திரும்பியதும், எங்களோடு இருந்த என் அம்மாவுக்கு முன்பாகவே எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா உள்ளே போய்ச் சீப்பை எடுத்து வந்தார். பிறகு, "ஏத்தா, இங்கிட்டு வா, தலையைப் பின்னி விடுறேன்" என்று மருமகளைக் கூப்பிட்டார். எஸ்தர் அவர் முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

அச்சுக் கோப்பதை அன்றே விட்டேன். எழுத்துகளையும் இயந்திரத்தையும் விற்றுவிட்டுப் புத்தகம் பைண்டு செய்யத் தொடங்கினேன். 1963-இல் எங்கள் மகள் பிறந்தாள். கர்த்தர் எஸ்தரை நினைத்தருளினார் என்று சபையே ஸ்தோத்திரம் பண்ணியது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். குழந்தையை ஏந்திக்கொண்டு பேசாமல் நின்றேன். அவர் குணமாக்கியது என்னை.

இதை எஸ்தருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவள், "அத்தை என்னையப் பேசுனதையெல்லாம் எழுதியிருக்கீங்களே, அதை எடுத்துருங்க" என்றாள். "அவுகளுக்கு யாரு உண்மையைச் சொன்னா?"

எடுத்துவிட்டேன்.

பிள்ளைக்காகக் கண்ணீர் விடும் சகோதரர்களே, மனைவியை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் ஒளியாதீர்கள். மருத்துவரிடம் நீங்களும் போங்கள். செய்யும் தொழிலை மறைக்காமல் சொல்லுங்கள். குறையைக் காட்டும் என்று கேட்டவனை ஆண்டவர் அவமானப்படுத்தவில்லை, தகப்பனாக்கினார். பயப்படாமல் அவரிடம் கேளுங்கள்.