டெஸ்டர் எரியாத இடம்

அந்த அலுவலகக் கட்டடத்தில் எந்த மாடியில் விளக்கு அணைந்தாலும் கரண்ட்டுக்காரரைத்தான் கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் வரும். மற்றபடி மேனேஜரிலிருந்து தரை துடைக்கும் அக்கா வரை எல்லோருக்கும் அவர் "கரண்ட்டு"தான்.

வெளியில் இப்படிப் பெயர் வாங்கியவரின் வீட்டில் கதை வேறு. மகளின் அறையில் ஒரு ஸ்விட்ச் தளர்ந்து கிடந்தது. கட்டை விரலை ஓரமாக வைத்து அழுத்திப் பிடித்தால்தான் விளக்கு எரியும். "எலக்ட்ரீஷியன் வீட்டு லைட்டைப் பாருங்கடி, கெஞ்சினாத்தான் எரியும்" என்று மகள் தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். "நாளைக்குப் பாத்துடலாம் பாப்பா" என்பார் அவர். அந்த நாளை வருவதற்குள் காய்ச்சல் வந்தது. மூளையைப் பாதித்துவிட்டது என்றார்கள். ஏழாம் வகுப்பு முடித்திருந்த பிள்ளை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறக்காமலேயே போய்விட்டாள்.

பிறகு ஒருநாள் அவர் அந்த ஸ்விட்சைக் கழற்றப் போனார். மனைவி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதைத் தொடாதீங்க. அவ விரல் வச்சு வச்சுப் பழக்கின ஸ்விட்ச்."

அதோடு விட்டுவிட்டார். அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் இருவரும் மகளைப் போலவே கட்டை விரலை ஓரமாக வைத்து அழுத்தினார்கள்.

கனவில் மட்டும் அவள் வருவாள். அதுவும் அவருக்குத்தான், பெற்றவளுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. வந்துதான் என்ன? கனவுக்குள் இருக்கும்போது அவள் இறந்துபோனது அவருக்குத் தெரியாது. "ஃபேனை யாரு நிறுத்துவா?" என்று திட்டுவார். "ஓடிப்போய் ஒரு பால் பாக்கெட் வாங்கிட்டு வா" என்று ஏவுவார். அவள் முணுமுணுத்துக்கொண்டே செருப்பை மாட்டுவாள். கடைக்குப் போனவள் திரும்புவதற்குள் இவருக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்வார். அட மடையா, வந்தவளை உட்கார வைத்து முகத்தைப் பார்க்கத் தெரியவில்லை, பாலுக்கா அனுப்புவாய்?

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஒருநாள் தரைக்குக் கீழே இருந்த பம்ப் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பிளம்பரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டார். பிளம்பருக்குப் பட்டப்பெயர் ரேடியோ. எந்தக் குழாய் கசிந்தாலும் நிறுத்திவிடுவான், சொந்த வாயை மட்டும் நிறுத்தத் தெரியாது. உலகத்தில் உள்ள எல்லா விஷயத்தைப் பற்றியும் ஒரு வீடியோ பார்த்திருப்பான்.

"அண்ணே, கனவு காணும்போதே இது கனவுன்னு தெரிஞ்சுக்கலாம். பழகினா வரும்ணே."

"பழகறதுக்கு அதென்ன சைக்கிளா?"

"சைக்கிளேதான். முதல்ல விழுவீங்க, அப்புறம் வந்துடும். முழிச்சிருக்கும்போதே அடிக்கடி 'இது கனவா'ன்னு சோதிச்சுப் பாக்கணும். அது பழக்கமாயிட்டா தூக்கத்துலயும் கை தானா அதையே செய்யும். சில பேர் விரலை எண்ணிப் பாப்பாங்க. உங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு கேளுங்க. கனவுல ஸ்விட்ச் போட்டா லைட் எரியாதாம்!"

"யார் சொன்னா?"

"வீடியோவுல சொன்னாங்க."

கரண்ட்டுக்காரர் அவனுடைய வழுக்கையை ஒரு பார்வை பார்த்தார். "போன மாசம் வெங்காயம் தேய்ச்சா முடி முளைக்கும்னு சொன்னாங்களே, அதே வீடியோவா?"

"அது வேற சேனல்ணே."

சிரித்துவிட்டு எழுந்தார். ஆனால் அன்று மாலையே கை சட்டைப் பைக்குப் போனது. மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் அவர் டெஸ்டர் வைத்திருப்பார். பார்ப்பதற்குச் சின்ன ஸ்க்ரூ டிரைவர்தான். முனையை பிளக் ஓட்டையில் விட்டு, தலையில் விரலை வைத்தால், கரண்ட் இருக்கும் இடத்தில் கைப்பிடிக்குள் ஒரு சிறு பொட்டு ஆரஞ்சு நிறத்தில் எரியும். அதை வைத்துப் பார்க்காமல் அவர் எந்த வயரையும் தொட்டதில்லை. இப்போது அந்தப் பழக்கத்தோடு ஒரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. இது கனவா? பொட்டு எரியும். கனவு இல்லை. கனவு இல்லை என்றால் பாப்பா இல்லை. ஒவ்வொரு மாடியிலும் அது இதையே சொன்னது.

கண்ட கனவை உடனே எழுதி வைக்கச் சொன்னான் ரேடியோ. எழுத்து அவருக்கு ஒத்துவராது. மனைவியிடம் விஷயத்தைச் சொல்லி, கனவைக் கேட்டுக்கொள்ளச் சொன்னார்.

"முழிச்சிருக்கும்போது செய்யாத வேலையெல்லாம் தூக்கத்துல செய்யப் போறீங்களாக்கும்" என்று முதலில் குத்தினாள். ஆனால் அவர் கண் விழித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினாள். எந்தக் கனவானாலும் அவளுக்குக் கேள்வி ஒன்றுதான். "பாப்பா வந்தாளா?"

ஒருநாள் அவளாகவே பேச்சை எடுத்தாள். "கனவுன்னு தெரிஞ்சு அவளைப் பாத்தீங்கன்னா, ஒண்ணும் கேக்க வேணாம், ஒண்ணும் சொல்ல வேணாம். நெத்தியில கையை வச்சுப் பாருங்க. இன்னும் சுடுதான்னு மட்டும் பாத்துட்டு வாங்க."

அவர் தலையாட்டினார். தனக்கு என்ன வேண்டும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

முதல் தடவை லிஃப்ட் வாசலில் நடந்தது. டெஸ்டரை வைத்தார், எரியவில்லை. 'அடடா, கனவு!' என்று நெஞ்சு குதித்தது, குதித்த குதியில் விழித்துக்கொண்டார்.

"சந்தோஷப்பட்டா கலைஞ்சுடும்ணே" என்றான் ரேடியோ. "பதறக் கூடாது. கலையற மாதிரி இருந்தா கைக்கு ஏதாவது வேலை குடுங்க. தேய்ங்க, எதையாவது பிடிச்சுத் திருகுங்க. கை அசைஞ்சுகிட்டே இருந்தா கனவு நிக்குமாம்."

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, திரையை இழுத்துவிட்டுப் படுத்த ஒரு காலையில் அது வந்தது.

சொந்த வீடு. மகளின் அறை வாசலில் நிற்கிறார். உள்ளே ஒரே இருட்டு. கட்டை விரலை ஓரமாக வைத்து அழுத்தினார், விளக்கு எரியவில்லை. பக்கத்து பிளக்கில் டெஸ்டரை விட்டார். பொட்டு இல்லை.

தெரிந்துவிட்டது. இந்தத் தடவை அவர் குதிக்கவில்லை. நான் கட்டிலில் படுத்திருக்கிறேன், இது கனவு என்று நிதானமாகத் தனக்குள் சொல்லிக்கொண்டார். நிலைப்படியில் அவளுடைய செருப்பு கிடந்தது. ஒன்று நேராக, ஒன்று குப்புற. அப்படித்தான் கழற்றிப் போடுவாள். விழித்திருக்கும்போதுகூட அவர் அந்தச் செருப்பை இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

"அப்பா, லைட் போடுப்பா. ஒண்ணுமே தெரியல."

அவள் குரல்தான். சளி பிடித்தாற்போல் கொஞ்சம் கரகரத்த அதே குரல்.

"இதோ பாப்பா" என்றார். சொன்னதுதான் தாமதம், சுவர் வெளுத்தது, காலடியில் தரை நழுவியது. கலையப் போகிறது! கைக்கு வேலை, கைக்கு வேலை. கையில் டெஸ்டர் இருந்தது, எதிரில் ஸ்விட்ச் போர்டு இருந்தது. திருகில் வைத்துத் திருகினார். தரை நின்றது. சுவர் திரும்பி வந்தது. இன்னொரு திருகு. மூடி கையோடு வந்தது.

உள்ளே எல்லா வயரும் ஒரே நிறம். ஒன்றை இழுத்தால் அதன் பின்னால் இன்னொன்று வந்தது. எந்தப் பயல் இப்படி வயரிங் செய்திருக்கிறான்? அவருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்த இடத்தில், இது கனவு என்பது கையிலிருந்து நழுவி எங்கோ விழுந்துவிட்டது.

"அப்பா, லைட் வேணாம்ப்பா. நீ உள்ள வா."

"இரு பாப்பா, ரெண்டே நிமிஷம்."

"அப்பா..."

"சும்மா தொணதொணக்காதே. வேலையா இருக்கேன்ல."

அதன் பிறகு உள்ளிருந்து சத்தமில்லை. அவர் சரியான வயரைக் கண்டுபிடித்தார், முறுக்கினார், மூடியை மாட்டினார். விரலை ஓரமாக வைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் ஸ்விட்ச் டக்கென்று விழுந்தது. பளிச்சென்று வெளிச்சம் வந்தது. திரையின் ஓரத்தில் வெயில்.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பாப்பா வந்தாளா?"

"வந்தா."

"தெரிஞ்சுதா உங்களுக்கு?"

"தெரிஞ்சுது."

அவள் அவருடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள், ஏதோ அதில் இன்னும் சூடு மிச்சமிருப்பதைப் போல. "சுட்டுதா?"

"ஸ்விட்சை ரிப்பேர் பண்ணிட்டிருந்தேன்" என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அப்படியொரு சிரிப்புக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கையை மெல்லப் படுக்கையில் வைத்தாள். "சரி விடுங்க. அடுத்த தடவை."

அடுத்த தடவை வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. பழக்கம் கையில் ஏறிவிட்டதால் எந்தக் கனவிலும் டெஸ்டர் தானாக வெளியே வந்தது, எரியவில்லை, கனவென்று உடனே தெரிந்தது. தெரிந்ததும் அவர் ஓடுவார். மகளின் அறைக் கதவைத் திறப்பார். விரித்த படுக்கை இருக்கும், ஆள் இருக்க மாட்டாள். கூப்பிட்டால் அவர் குரல்தான் திரும்பி வரும். நிலைப்படியில் செருப்பும் இல்லை.

"பயிற்சி பத்தலண்ணே" என்றான் ரேடியோ. "இன்னும் கொஞ்சம்..."

"பயிற்சி அதிகமாயிடுச்சுடா" என்றார் அவர். "இப்ப இதை எப்படி மறக்கறது? அதுக்கு வீடியோ இருக்கா?"

ரேடியோ போனை எடுத்துத் தேடினான், திரும்பப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டான். சைக்கிள் பழகியவனை மறக்கச் சொன்னால் எப்படி மறப்பான்? பாப்பா வந்துகொண்டிருந்தது, அது கனவென்றே தெரியாத ஒரு மனுஷனைத் தேடி. அவளைத் திட்டவும் கடைக்கு அனுப்பவும் தெரிந்த மனுஷன். அவனை இவரே விரட்டிவிட்டார்.

மாலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"எனக்கும் அதைச் சொல்லிக்குடுங்க. நான் ஸ்விட்சுப் பக்கமே போக மாட்டேன். நேரா உள்ள போயிடுவேன்."

அவர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வேணாம்."

"ஏன், எனக்கு வராதா?"

"வந்துடும். அதான் வேணாங்கறேன். அவ உன்கிட்ட வந்தா, உனக்குத் தெரியாமலே வரட்டும். நல்லாத் திட்டு. வேலை சொல்லு. பாலுக்கு அனுப்பு. தெரிஞ்சுக்க மட்டும் பாக்காத."

"முதல்ல வரட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அன்று ஏழாவது மாடியில் ஏதோ ஒரு பிளக் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். போய் டெஸ்டரை வைத்தார். எரிந்தது. பிளக்கில் குறையில்லை, அவர்களுடைய மிஷினில்தான் குறை. சொல்லிவிட்டுக் கிளம்பியவர், நடைபாதையில் இருந்த அடுத்த பிளக்கிலும் வைத்துப் பார்த்தார். அங்கேயும் எரிந்தது. அதற்கடுத்ததில் வைத்தார். யாரோ ஒரு பெண் தாண்டிப் போகும்போது, "என்ன கரண்ட்டு, எல்லாத்துலயும் பிரச்சினையா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றார். "எல்லாம் எரியுது."

நடைபாதையின் கோடி வரைக்கும் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாவற்றிலுமே எரிந்தது.