அடிக்குறிப்புக்கு இறங்கிய உபவாசம்

வாசிப்பவர் அடுத்த சொல்லுக்கு வாய் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஃபைனெசி அதைச் சொல்லிவிடுவாள். மேடையில் இருப்பது எங்கள் சிச்சேவா மொழியின் புதிய பைபிள்; அவளுக்கு மனப்பாடம் பழையது. புதியதில் வெறும் இருட்டு என்று வந்தால், சபையே திரும்பிப் பார்க்கும்படி "மரண நிழல்" என்பாள். போதகர் ஒருமுறை வீடு தேடி வந்து கெஞ்சிப் பார்த்தார். அதற்கப்புறம் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறாள்.

சோம்பா ஊர்ச் சந்தையில் ஒரு கடைவாசலில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். மாதர் சங்கத்தின் வெள்ளைச் சட்டைகளில் பாதி அவள் தைத்தவை. அளவு நாடா கழுத்திலேயே கிடக்கும். சாவு வீட்டுக்கும் அப்படியேதான் வருவாள். பக்கத்து வீட்டுக்காரி நான். ஆசையாக வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு போய் நின்றால், "தச்சவன் உன்னப் பாத்து பயந்துட்டே தச்சிருக்கான்" என்பாள்.

இந்த வாரம் அவள் போடும் தையல் கோணலாக ஓடுகிறது. மகள் தடாலாவுக்கு வலிப்பு. வலிப்பு வந்த பிள்ளையைப் பற்றிய பகுதியில், இது ஜெபத்தாலும் உபவாசத்தாலும்தான் போகும் என்கிறது பழைய பைபிள். தனக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தும் செவ்வாய்க்கிழமையிலிருந்து தண்ணீர் மட்டும்தான் குடிக்கிறாள். நேற்று ஊசி விரலில் ஏறியதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்று மதியம் தடாலா புதிய பைபிளை விரித்துக் காட்டினாள். அதில் ஜெபம் மட்டுமே இருந்தது. உபவாசம், சில பழைய பிரதிகளில் உண்டு என்ற அடிக்குறிப்பாகக் கீழே இறங்கியிருந்தது.

"பாரும்மா. ஜெபம் போதும்னு போட்டிருக்கு."

"வெட்டிட்டாங்க" என்றாள் ஃபைனெசி. "துணி வெட்டுற எனக்குத் தெரியாதா, கத்திரி எங்க விழுந்திருக்குன்னு?"

"பின்னாடி வந்தவங்க ஒட்டுப் போட்ட துணியா இருந்தா?"

ஃபைனெசி பழைய பைபிளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தடாலா உள்ளே போய் மக்காச்சோளக் களியையும் கீரையையும் கொண்டுவந்து பாயில் வைத்தாள். பக்கத்தில் தன் மாத்திரை. வெறும் வயிற்றில் போட்டால் வாந்தியாகிவிடும்; போடாவிட்டால் வலிப்பு வரும். வீட்டில் மூத்தவர் கை கழுவாமல் இளையவர் தட்டைத் தொடுவதில்லை. அதனால்தான் இத்தனை நாளும் ஃபைனெசி அவளை என் வீட்டுக்குச் சாப்பிட அனுப்பினாள். இன்று தடாலா வரமாட்டேன் என்றுவிட்டாள். கை கழுவக் கீழே ஒரு தொட்டியை வைத்து, தண்ணீர்ச் செம்போடு அம்மா முன்னால் மண்டியிட்டாள்.

"நீ கை நீட்டுறவரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

களி ஆறி ஏடு கட்டியது. போதும் ஃபைனெசி என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. மடியில் பழைய பைபிள், விரல் அந்தப் பக்கத்தில். தடாலாவின் இடது இமை துடிக்கத் தொடங்கியது. வலிப்புக்கு முன்னால் அப்படித்தான் துடிக்கும். ஃபைனெசியும் அதைப் பார்த்துவிட்டாள்.

பக்கத்திலிருந்து விரலை உருவினாள். உதடுகள் பழைய வசனத்தை ஒரு சொல் விடாமல் முணுமுணுத்துக்கொண்டிருக்க, இரண்டு கைகளையும் தொட்டிக்கு மேலே நீட்டினாள்.