டச்சு நகரத்துக்கு ஒரு வராந்தா

ஜெர்சி சிட்டியில் நான் வேலை பார்க்கும் கட்டிடக்கலை அலுவலகத்தில் மொத்தம் ஒன்பது பேர். நெதர்லாந்தில் ஒரு சின்ன நகரம், நூலகமும் அரங்கமும் சேர்ந்த கட்டிடம் வேண்டும் என்று வடிவமைப்புப் போட்டி வைத்தது. ரோட்டர்டாம் அலுவலகம் ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து அதை வென்றோம். அரங்கப் பகுதி என் தலையில் விழுந்தது.

அவர்கள் வேலை செய்யும் விதம் எனக்குப் புதிது. வரைபடத்துக்கு முன்பே ஃபோம் கட்டையைச் சூடான கம்பியால் அறுத்து மாதிரிகள் செய்ய வேண்டும். ஒன்றிரண்டு போதாது, இருபது முப்பது வேண்டும். அவற்றை மேஜையில் பரப்பி, எது ஏன் சரியில்லை என்று பேசுவார்கள். செய்தவள் மனம் நோகுமே என்ற கவலை யாருக்கும் கிடையாது.

திங்கட்கிழமைதோறும் காலை ஏழு மணிக்கு வீடியோ கால். அங்கே மதியம் ஒன்று. தலைமைக் கட்டிடக் கலைஞர், அறுபதை நெருங்கும் பெண்மணி, சீஸ் வைத்த ரொட்டியை மென்றபடியே என் மாதிரிகளைப் பார்ப்பார். மூன்றாவது வாரம், "எல்லாமே அழகாக இருக்கிறது. ஆனால் இதற்குள் யார் வருவார்கள் என்று நீ யோசிக்கவே இல்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அடுத்த கடி கடித்தார்.

கணவரிடம் புலம்பினேன். "மூஞ்சிக்கு நேரா சொல்றாங்கல்ல, விடு. இங்க எல்லாரும் இன்ட்ரஸ்டிங்னு சிரிச்சிட்டு, அப்புறம் ரிஜெக்ட் பண்ணுவாங்க" என்றார்.

அந்தச் சனிக்கிழமை, எடிசன் பக்கம் ஒரு பள்ளி ஆடிட்டோரியத்தில் தமிழ் விழா. எங்கள் மகளுக்கு அதில் குழு நடனம். உள்ளே பாதி நாற்காலிகள் காலி. வெளியே வராந்தாவில் நிற்க இடமில்லை. ஒரு பக்கம் குழந்தைகளுக்குச் சலங்கை கட்டிவிடுகிறார்கள். இன்னொரு பக்கம் சமோசாவும் கிரீன் கார்டு பேச்சும். கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி பேச வந்துவிடுகிறார்கள்.

"உள்ள போகலையா ஆன்ட்டி?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன்.

"உள்ள போயிட்டா நடுவுல எழுந்து வர முடியாதும்மா. இங்கேருந்தே நல்லா கேக்குது. நம்ம பசங்க வர்றப்ப போய்க்கலாம்."

நிகழ்ச்சி நிரல் தாளைத் திருப்பி வரைய ஆரம்பித்தேன். மகளின் நடனத்தில் கடைசி இரண்டு நிமிடம்தான் பார்த்தேன். "யூ வேர் டிராயிங், அம்மா" என்றாள் காரில். நான் மறுக்கவில்லை.

திங்கட்கிழமை ஒரே ஒரு மாதிரியைத்தான் காட்டினேன். அரங்கத்துக்கும் நூலகத்துக்கும் நடுவே இருந்த சுவர் போய், மடக்கித் திறக்கும் கதவுகள் வந்திருந்தன. அவற்றுக்கு முன்னால் அகலமான வராந்தா. ஒத்திகை நடக்கும்போது கதவுகள் திறந்திருக்கும். புத்தகம் திருப்பித் தர வந்தவர் நின்று பார்க்கலாம், கிளம்பியும் போகலாம்.

தலைமைக் கட்டிடக் கலைஞர் மெல்லுவதை நிறுத்தினார். "கதவை மூடினால் எவ்வளவு சத்தம் வெளியே வரும்?" என்றார். பாராட்டு ஒன்றும் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அந்த வராந்தாவைப் பற்றி மட்டுமே பேசினோம்.

அந்த டச்சு நகரத்தில் நடந்த ஊர்மக்கள் கூட்டத்தில், படிப்பவர்களுக்கு அமைதி வேண்டாமா என்று நூலகர் கேட்டார். நியாயம்தான். வாசிப்பு அறையை மாடிக்கு ஏற்றினோம். தீப் பாதுகாப்பு ஆலோசகர் கதவுகளில் பாதியைக் குறைத்தார். இரண்டு நாள் கோபத்தில் இருந்தேன். பிறகு மறுபடி ஃபோம் அறுத்தேன்.

கட்டி முடித்த கட்டிடத்தைப் போன கோடையில் குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம். ஊர்க்காரர்கள் சிலர் கூட்டமாகப் பாடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் குனிந்து ஒரு கதவின் கீலைப் படம் எடுத்தேன்.

"இதை போட்டோ எடுக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்றார் கணவர்.

மகள் அதற்குள் உள்ளே போய் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கிளப்புவதற்குள் அரை மணி நேரம் ஆகிவிட்டது.