யாரும் உடுத்தாத துணி

மணியம் கூலி லயத்து வாசலில் வந்து நின்றபோது, கணக்கெழுதும் கிராணியின் கடிகாரத்தில் பத்து மணி. ஜப்பான்காரன் வந்ததும் தோட்டத்துக் கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டான். வெயிலின் கணக்குப்படி எட்டரைதான் இருக்கும். பஞ்சாலை தையலிலிருந்து நிமிர்ந்தாள். முதலில் கண்ணில் பட்டது அவன் மாட்டியிருந்த கோணிச்சாக்கு. கழுத்துக்கான ஓட்டையை வெட்டாமல் கையால் கிழித்திருந்தார்கள். அப்படிக் கிழித்தால் இரண்டு மாதத்தில் தொப்புள்வரை இறங்கிவிடும். அதைச் சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் அவன் சொல்லிவிட்டான்.

"அக்கா, அண்ணன் போயிட்டாருக்கா. மாசி மாசமே. காலரா."

அண்ணன் என்றது அவள் புருஷன் நல்லசாமியை. மூன்று மாத வேலை என்று சொல்லி, ரயில் பாதை போட சயாமுக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போன இருபத்தேழு பேரில் அவனும் ஒருவன். போய் ஒன்றரை வருஷமாகிறது. அதே லாரியில் போன மணியத்தைக் கால்புண் முழங்காலைத் தாண்டியதால் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"புதைச்சாங்களா, எரிச்சாங்களா?"

"எரிச்சாங்கக்கா. மொத்தமா."

பஞ்சாலை கையிலிருந்த துணியிலிருந்து ஊசியை உருவினாள். "சாக்கக் கழட்டிக் குடு. கழுத்த மடிச்சுத் தரேன்" என்றாள்.

சாக்குக்கு உள்ளே வேறு துணி இல்லாததால் மணியம் கதவுக்குப் பின்னால் போய் நின்றுதான் அதைக் கழற்றிக் கொடுத்தான். விஷயம் கேள்விப்பட்டு மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்த பெண்கள் அவனைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்கள். அவள் மடித்துத் தைத்து முடித்த பிறகு திரும்பி வந்து அழுதார்கள்.

மலாயாவில், ரெம்பாவுக்கு உள்ளே ஐந்து மைல் தள்ளியிருந்த அந்தத் தோட்டத்தில் ஊசி வைத்திருந்தவள் பஞ்சாலை ஒருத்திதான். அதுவும் ஒரே ஊசி. சண்டைக்கு முன் அவளும் எல்லோரையும்போலப் பால்மரம் வெட்டியவள். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய், கடையில் துணி வருவது நின்ற பிறகு, தையல் அவள் தலையில் விழுந்தது. நடுவில் நைந்த சேலையை நெடுக இரண்டாகக் கிழித்து, கெட்டியான கரைகளை உள்பக்கம் திருப்பி இணைத்தால் இன்னும் ஒரு வருஷம் ஓடும். கோணியில் கால்சட்டை தைத்தால் உள்ளே பழந்துணி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆள் வேலையை விட்டுவிட்டுச் சொறிந்துகொண்டிருப்பான். நூலுக்கு அன்னாசி இலையை ஊறவைத்து, சுரண்டி, நாரெடுத்தாள். கூலி மரவள்ளிக்கிழங்கு. யார் உடம்பில் எந்தத் துணி, அதற்கு முன் அது யார் உடம்பில் இருந்தது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அவள் நல்லசாமிக்கு ஒன்றே ஒன்று செய்ய நினைத்தாள். முறையாக ஒரு கருமாதி. உடம்பு இல்லை, சாம்பல் இல்லை. அதுவாவது இருக்கட்டும் என்று. பதினாறு நாளையும் சேதி வந்த அன்றிலிருந்து எண்ணிக்கொள்ளலாம் என்று, வேலை வாங்கும் மண்டோர் வீரமுத்து சொன்னார். சடங்கு முறைகளில் லயமே பயப்படும் ராக்கம்மாதான் முட்டுக்கட்டை போட்டாள்.

"பொறந்த வீட்டுக் கோடி இல்லாம என்னா கருமாதி? தாலி அறுத்தவளுக்குக் கூடப் பொறந்தவன் புதுத்துணி போத்தணும். யாரும் உடுத்தாத துணி. பழசப் போத்துனா போன ஆத்மா பழசத்தான் கட்டிக்கிட்டுத் திரியும்."

பகாவ் பக்கம் வேறொரு தோட்டத்தில் இருந்த பஞ்சாலையின் தம்பி அர்ச்சுனன் பதினைந்தாம் நாள் காலையில் நடந்தே வந்து சேர்ந்தான். மூட்டையை அவிழ்த்தான். துரை பங்களாத் திரைச்சீலை. வெளிறிய ரோஜாப்பூக்கள், மேல் ஓரத்தில் வரிசையாகக் கம்பி கோர்த்த ஓட்டைகள். அதற்காக ஒரு பெட்டைக்கோழியைக் கொடுத்திருந்தான்.

ராக்கம்மா அதை விரித்துப் பார்த்தாள். "ஏன்டா தம்பி, பத்து வருஷமா ஜன்னலு கட்டிக்கிட்டிருந்த சீலையத் தூக்கியாந்திருக்கியே?"

"ஜன்னலுதான கட்டுச்சு? மனுசங்க யாரும் கட்டலியே, அக்கா."

"வெயிலும் மழையும் பட்ட துணி. பூ வேற. அறுத்தவளுக்குப் பூப்போட்ட கோடியா?"

"முட்டை போடுற கோழி" என்றான் அர்ச்சுனன், சம்பந்தமில்லாமல். அவன் கண் கலங்கியிருந்தது.

யாரும் உடுத்தாத வெள்ளைத்துணி லயத்தில் எங்கே இருக்கிறது என்று பஞ்சாலைக்குத் தெரியும். அவளுடைய தகரப்பெட்டியில். ரொட்டிக்கடைச் சீனனின் கொசுவலையைத் தைத்துக் கொடுத்து வாங்கிய மூன்று மாவுப் பைகள். சாம்பல் தண்ணீரில் வேகவைத்து எழுத்தைப் போக்கி, நல்லசாமிக்குச் சட்டையாக வெட்டியிருந்தாள். பால் வாளி சுமந்து சுமந்து அவனுக்கு இடது தோள் ஒரு விரல் தாழ்ந்திருக்கும். அதற்குத் தக்கபடி வெட்டி, கையும் காலரும் வைத்துத் தைத்திருந்தாள். மொத்தமே இரண்டு நாள் வேலை. எட்டு மாதமாக முடிக்கவில்லை. ஊரார் துணி முந்திக்கொண்டது என்று சொல்லிக்கொண்டாள்.

மத்தியானம் அதை எடுத்துவந்து ராக்கம்மாவின் முன் வைத்தாள்.

"இது ஆகுமா?"

"சட்டையா? யாருது?"

"அவருது."

"போட்டாரா?"

"இல்ல."

ராக்கம்மா சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அப்ப அது சட்டையில்ல புள்ள. துணிதான். ஆனா உன் வீட்டுத் துணியால்ல இருக்கு? பொறந்த வீட்டுதா இருக்கணுமே."

பஞ்சாலை திரைச்சீலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சட்டையைத் தம்பியின் கையில் கொடுத்தாள். "மாத்தியாச்சு. இப்ப இது உன்னுது."

"பகாவ்லேருந்து நான் கொண்டாந்ததா, அக்கா?"

"ஆமா."

"சரி, பிரிச்சுத் துணியாக்கிப் போத்தட்டும்" என்றாள் ராக்கம்மா.

தையலைப் பிரிக்க அன்று மாலை போதுமாக இருந்தது. கைகள் கழன்றன, காலர் கழன்றது. மறுநாள் விடிந்ததும் துண்டுகளைப் பரப்பி இணைக்க உட்கார்ந்தாள். தோள் அளவு வேறுவேறாக இருந்ததால் முன்பக்கத் துண்டுகள் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. சேர்த்துத் தைத்தபோது துணி ஒரு பக்கம் சரிந்தது. தையலைப் பிரித்தால் துணி பழையபடி ஆகிவிடும்; வெட்டியதைப் பிரிக்க முடியாது. பொத்தான் மாட்ட ஐந்து காஜா குறித்து, ஒன்றை மட்டும் வெட்டி முடித்திருந்தாள். அது துணியின் நடுவில் கண் திறந்துகொண்டு நின்றது.

அதை மூடிக்கொண்டிருந்தபோது பூசாரி வந்துவிட்டார் என்று கூப்பிட்டார்கள். ஓடைக்கரையில் அர்ச்சுனன் அவள் தோளில் கோடியைப் போர்த்தினான். ராக்கம்மா அழுகையைத் தொடங்கிவைத்தாள். நல்லசாமியின் பெயரைப் பூசாரி மூன்று முறை சொன்னார். அதன்பிறகு பஞ்சாலையை யாரும் இன்னார் பெண்டாட்டி என்று சொல்லவில்லை.

மறுநாள் அவள் திரைச்சீலையை விரித்து மணியத்துக்கு ஒரு கால்சட்டை வெட்டினாள். பூ எந்தப் பக்கம் வர வேண்டும் என்று அவனிடம் கேட்டாள். அவனுக்கு எந்தப் பக்கம் வந்தாலும் சரிதான்.

கோடியில் இருந்த காஜாவில் பாதிதான் மூடியிருந்தது. ஊசியும் நாரும் அவளிடம் இருந்தன. மீதிப் பாதியை அவள் தைக்கவில்லை.